நீல வால்

திருப்பதியில் இருந்துகொண்டு வானத்தைப் படம் பிடிக்கிறேன் என்று சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். மலையைப் படம் பிடிக்கிறான், நல்ல காரியம் என்று போய்விடுவார்கள். மலைக்கும் அந்தப்பக்கம், வெகுதூரத்துக்கு அந்தப்பக்கம், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கூடி நிற்கிற கேலக்ஸியைப் பிடிக்கிறேன் என்று விளக்கிச் சொன்னால்தான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஊரில் நிலாவே சோகை பிடித்துத்தான் வருகிறது.

எங்கள் வாடகை வீடு அலிபிரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்தது. பின்பக்கம் ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், நாலு பேர் நின்றால் தோள் இடிக்கிற அளவுக்குச் சிமெண்டுத் தரை. அதுதான் என் ஆராய்ச்சிக்கூடம். வடக்கே மலை. மலைமேல் விளக்கு, மலைக்கு ஏறுகிற பாதை முழுக்க விளக்கு, அடிவாரம் முழுக்க விளக்கு. ஜனங்கள் எந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களோ அதே வெளிச்சத்தை நான் வாய்க்குள் திட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் பாவமெல்லாம் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் தமிழ்வேந்தன். பெயரில் இருக்கிற வேந்தனைத் தவிர வேறு ராஜ்ஜியம் எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அந்தக் காலேஜை இன்னொரு காலேஜோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு பிசிக்ஸ் வாத்தியார் எதற்கு, ஒருவர் போதும் என்றார்கள். அந்த ஒருவர் நான் இல்லை. அதற்குப் பிறகு என் மனைவி துர்காதேவி ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் அண்ணன் சுரேஷ்பாபு சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மேனேஜர். வாரம் தவறாமல் போன் செய்வார்.

“ஷிப்ட்டு சூப்பர்வைசர் வேல கீது மாப்ளே. சீசன் முடிஞ்சாலும் உன்ன வுட மாட்டேன். காம்பவுண்டுலயே குவார்ட்டர்ஸ். எத்தினி நாள் அந்தக் குழாயக் கண்ணுல வெச்சிக்கினு குந்திக்கினு இருப்ப?”

அந்த ஃபேக்டரியை நான் பார்த்திருக்கிறேன். சீசனில் இரவு முழுக்க மாங்காய் லாரிகள் வரிசையாக நிற்கும். இரவு முழுக்க நாலு மூலையிலும் பெரிய விளக்குகள் எரியும். திருப்பதியில் வானம் நோயாளி என்றால் அந்தக் காம்பவுண்டில் வானம் செத்தே போயிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் மச்சான் என்று சொல்லி ஒவ்வொரு வாரமும் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் நிறைந்த ஊரில் கேலக்ஸியைப் பிடிப்பது என்றால், சந்தைக்கடை நடுவில் ஒருத்தர் முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரி. ஒரு தடவை கேட்டால் ஒன்றும் விளங்காது. அதே முணுமுணுப்பை நூற்றுக்கணக்கான தடவை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். முணுமுணுப்பு கொஞ்சம் மேலே வரும். நான் எடுத்துக்கொண்டது சிம்ம ராசிப் பக்கம் சாய்ந்து கிடக்கிற ஒரு கேலக்ஸி. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மலை வெளிச்சத்தில் சிக்காமல் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் கடந்துபோகும் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இதில் ஒரு துணி வேலையும் உண்டு. எந்த லென்ஸிலும் தூசு இருக்கும், ஓரம் இருட்டடிக்கும். அந்தக் குறையெல்லாம் படத்தில் விழாமல் இருக்க, காலை வெளிச்சத்தில் டெலஸ்கோப் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, வெறும் வெள்ளையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் எடுத்த படத்தை அந்த வெள்ளைப் படத்தால் கம்ப்யூட்டர் வகுத்துவிடும். வெள்ளைப் படத்தில் எங்கே இருட்டாக இருக்கிறதோ அங்கே வெளிச்சத்தைக் கூட்டிக்கொடுக்கும். லென்ஸில் இருக்கிற குறை மறைந்துபோகும்.

முதலில் என் பழைய பனியனைத்தான் போர்த்திக்கொண்டிருந்தேன். துர்காதேவிக்கு அது பொறுக்கவில்லை.

“சாமியாட்டம் அத்தக் கும்புட்டுக்கினு கீற. அதும் மூஞ்சில போயி கிழிஞ்ச பனியனப் போடறியே மாமா, அசிங்கமா இல்ல?” என்றாள்.

நகரியில் அவள் நைனா வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. பொங்கலுக்குப் போயிருந்தபோது மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். கஞ்சி போக அலசினாள், காயவைத்தாள், நாலாக மடித்து என் டெலஸ்கோப் பெட்டிக்குள் வைத்தாள். நான் மடிப்பைக் கலைக்காமல் அப்படியே போர்த்தி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டேன். நாலு முனையும் சேருகிற மூலை, டெலஸ்கோப்பின்மேல் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கிற பக்கம் வரும். அது ஒரு பழக்கம். பனியன் தரை துடைக்கப் போய்விட்டது.

அவள் உதவி அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா தன் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப்போகிறவள். துர்காதேவி அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, தெலுங்கு சீரியலெல்லாம் பார்த்து அழுது, கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வெளிச்சம் பட்டாலே தலைவலி வருகிறது, டாக்டரே சொல்லிவிட்டார் என்று தெலுங்கில் ஒரு போடு போட்டு விளக்கை அணைக்க வைத்தாள். அதிலிருந்து கிருஷ்ணம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவாள். வெள்ளிக்கிழமை தோறும் பூஜை முடித்த கையோடு துர்காதேவி என் பெட்டியையும் திறந்து சாம்பிராணி காட்டுவாள். லென்ஸில் புகை படியும் என்று நான் கத்துவேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

பிப்ரவரி கடைசியில் அதுவரை எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் அந்த வால் தெரிந்தது. கேலக்ஸியின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய நீலக் கசிவு ஒன்று சரிந்து இறங்கியது. இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய அளவுக்குத்தான். ஒரு கேலக்ஸிக்குப் பக்கத்தில் இன்னொன்று கடந்துபோனால் நட்சத்திரங்களை இப்படி இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் புதுசாகப் பிறக்கிற நட்சத்திரங்கள் நீலமாகத்தான் இருக்கும். புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே எல்லாம் பொருந்தியது. இந்தக் கேலக்ஸிக்கு வால் உண்டு என்று யாரும் எங்கேயும் சொன்னதில்லை.

போன வருஷம் நான் எடுத்த படத்தில் அந்த வால் இல்லை. போன வருஷம் கிருஷ்ணம்மா விளக்கு எரிந்தது, அதனால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில வாரம் வால் நன்றாகத் தெரியும், சில வாரம் மங்கும். காற்றில் தூசு கூடுகிறது குறைகிறது என்றேன். படித்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

படத்தை வானியல்காரர்களின் குழுவில் போட்டேன். பெங்களூரிலிருந்து சந்தியா என்ற ஆராய்ச்சியாளர் போன் செய்தார். சென்னைப் பெண், என்னைவிட வயதில் சின்னவர்.

“சார், இது மட்டும் நிஜமா இருந்தா பெரிய விஷயம். திருப்பதியிலேர்ந்தா எடுத்தீங்க? நம்பவே முடியல. நீங்க எங்க வேலை பாக்கறீங்க?”

எங்கேயும் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர், மலைமேல் இருக்கிற தங்கள் அப்சர்வேட்டரியில் இரவில் டெலஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது என்றார்.

“வயசப் பத்தி நான் பேசிக்கறேன். இந்த வால் உங்க பேர்ல ஒரு ரிசர்ச் பேப்பரா வந்துட்டா, கமிட்டியில அடிச்சுப் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும். வால் இல்லன்னா கஷ்டம் சார், மறைக்காம சொல்லிடறேன்.”

“அங்க வானம் எப்படிம்மா இருக்கும்?”

“பால்வீதி வெளிச்சத்துல நம்ம நிழல் தரையில விழும் சார்.”

போனை வைத்துவிட்டு நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் ஒருத்தனுக்கு இப்படி ஒரு கதவு திறக்குமா? துர்காதேவி கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

“மலைல குளிருமா மாமா?”

“ரொம்பக் குளிரும்.”

அடுத்த நாளே தள்ளுபடியில் கிடந்த பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏப்ரல் மாதத் திருப்பதியில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வேர்த்துப்போனாள். நகரிக்கும் சித்தூருக்கும் போன் போட்டு, என் வீட்டுக்காரர் வானத்தில் ஒரு வால் கண்டுபிடித்திருக்கிறார் என்று சொல்லிமுடித்தாள். சுரேஷ்பாபுகூட ஒரு வாரம் மாம்பழக்கூழைப் பற்றிப் பேசவில்லை.

சந்தியா ஒரே ஒரு சோதனை கேட்டிருந்தார். டெலஸ்கோப்பையும் கேமராவையும் சேர்த்து, அதைத் தாங்கிப் பிடிக்கிற வளையத்துக்குள் கால் சுற்று திருப்பிவைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். வால் வானத்தில் இருந்தால் கேலக்ஸியோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் இருக்கும். நம் கருவியில் இருந்தால் கருவியோடு சேர்ந்து திரும்பிவிடும். இது எல்லாரும் செய்கிற சோதனைதான் சார், எனக்கு நம்பிக்கை இருக்கு என்றார். எனக்கும் இருந்தது. அந்த வாரம் மழைபெய்து வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கே கேலக்ஸி உச்சிக்கு வந்துவிடும். நாள் தவறாமல் எடுத்தேன், காலையில் துணியைப் போர்த்தி வெள்ளைப் படமும் எடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை, துர்காதேவி கடைக்குப் போன பிறகு, எல்லாவற்றையும் அடுக்கினேன். கேலக்ஸி இருந்தது. வால் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கால் சுற்றுத் தள்ளி, கேலக்ஸிக்குச் சம்பந்தமே இல்லாத வெற்று வானத்தில், அந்த நீலக் கசிவு அப்படியே நின்றுகொண்டிருந்தது. முன்னைவிட அழுத்தமாகவே இருந்தது.

தண்ணீர் குடித்தேன். மறுபடி அடுக்கினேன். மறுபடியும் அதேதான். லென்ஸைத் துடைத்தேன், கேமராவைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் அந்தத் துணியை எடுத்து வெயிலுக்கு எதிரில் பிடித்தேன்.

நாலு முனையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்த மூலையில் மஞ்சள் இருந்தது. மோதிர விரலால் தொட்டுவைத்து லேசாக இழுத்துவிட்ட தடம். நாலு முனையிலும் நாலு தடம். பழைய தடத்தின் மேலேயே புதுசு புதுசாக வைத்திருந்தாள். நேற்று வைத்தது இன்னும் ஈர வாசனையோடு இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்ட மட்டும் அவள் பெட்டியைத் திறக்கவில்லை.

மஞ்சள் நீல வெளிச்சத்தைத் தின்றுவிடும். வெள்ளைப் படத்தில் அந்த ஓரத்தில் மட்டும் நீலம் மயிரிழை குறைந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதை லென்ஸின் குறை என்று நினைத்து, என் வானத்தில் அந்த ஓரத்துக்கு நீலத்தைக் கூட்டிக்கொடுத்திருக்கிறது. இருட்டான ஊராக இருந்தால் கூட்டிக்கொடுக்க அங்கே வெளிச்சமே இருந்திருக்காது, இந்த மயிரிழை யார் கண்ணிலும் பட்டிருக்காது. திருப்பதியின் மொத்த வெளிச்சமும் சேர்ந்து அதை ஒரு வாலாக ஊதிக் காட்டியிருக்கிறது. நான் திட்டிய திட்டுக்கெல்லாம் மலை ஒரே தடவையில் பதில் சொல்லிவிட்டது.

எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்பீர்கள். புதுத் துணியின் மூலையில் மஞ்சள் இருப்பது நம் வீடுகளில் கண்ணில் படுகிற விஷயமா? சட்டைக் காலருக்குள் இருக்கும், வேட்டி முனையில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் இருக்கும். இல்லாவிட்டால்தான் கண்ணில் படும். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இந்த வேலையைச் செய்கிற ஒருத்தனுக்கு இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. எனக்கு நடந்தது. அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லை என்ற தைரியத்தில், வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் விடியற்காலையில் துணியில்லாமல், வெறும் வெளுத்த வானத்தையே வெள்ளைப் படமாக எடுத்தேன். அதை வைத்து மறுபடி அடுக்கியதும் வால் எங்கேயும் இல்லை. மிஞ்சியது சின்னதாக, மங்கலாக, சாய்ந்து கிடக்கிற ஒரு கேலக்ஸி. உலகத்தில் டெலஸ்கோப் வைத்திருக்கிற எல்லாரிடமும் இதைவிட நல்ல படம் இருக்கும். சந்தியாவுக்கு எழுதினேன். போர்த்திய துணியில் கறை இருந்தது, வால் இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். என்ன கறை என்று எழுதவில்லை.

எல்லாருக்கும் நடப்பதுதான் சார், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று அன்றே பதில் வந்தது. வேலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, அவரை இல்லை என்று சொல்ல வைப்பானேன்?

துர்காதேவி அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, நாள் முழுக்க நின்ற காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இதற்குமேல் ஒளித்துவைக்க முடியவில்லை.

“வால் இல்ல துர்கா.”

“இல்லன்னா? எங்க போச்சு?”

“எங்கயும் போவல. மொதல்லருந்தே இல்ல.”

“நானே எத்தினி தபா பாத்தேன். நீலமா இருந்துச்சே மாமா. அந்த மேடமும் பாத்துச்சே.”

“தப்பாத் தெரிஞ்சிக்கினு இருந்திருக்குது.”

“எதுனால?”

நான் அவள் கையைப் பார்த்தேன். மோதிர விரலின் நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. என் காரியம் கைகூட வேண்டும் என்று வாரா வாரம் வைத்த விரல். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியுமா? சொன்னால் அவள் அதற்குப் பிறகு எந்தத் துணிக்கு மஞ்சள் வைப்பாள்?

“ஊரு வெளிச்சத்தால,” என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். தினமும் அந்த நேரத்துக்கு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள். அன்றைக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“உனுக்கு இத்தினி லைட்டு எதுக்குயா?” என்று மலையைக் கேட்டாள். “ஊரே உன் வாசல்ல குந்திக்கினு கீது. இந்த ஆளுக்கு ஒரு வால் குடுத்தா கொறஞ்சா பூடுவ?”

கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே வந்து அந்த ஸ்வெட்டரை மடித்துத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள். நான் சுரேஷ்பாபுவுக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன். நாங்கள் திருப்பதியை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் அவள் மலையைப் பார்த்துக் கும்பிடவில்லை. அந்தப் பாவமும் என்னைச் சேர்ந்ததுதான்.

மே மாதம் சித்தூருக்கு வந்துவிட்டோம். குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் புளித்த மாம்பழ வாசனையும் லாரிப் புகையும் சேர்ந்து வரும். விளக்கைப் போடாமலே இரவில் பேப்பர் படிக்கலாம். டெலஸ்கோப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். சுரேஷ்பாபு என் தோளில் தட்டி, “இன்னா மாப்ளே, இங்க மேல பாக்கற வேலயே இல்ல. கீழ பெல்ட்டுல மாங்கா வந்துக்கினே இருக்கும், அத்தப் பாரு போதும்” என்றார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குத்தான் பெல்ட்டில் உருண்டு வருகிற மாங்காயைப் பார்க்கப் பார்க்க, சாகிற வரைக்கும் இதுதான் என்று தோன்றியது.

முதல் வெள்ளிக்கிழமை ஷிப்ட்டு முடித்து வந்தபோது துர்காதேவி பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முருகனுக்கும் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கும் நடுவில் புதுசாக ஒரு படம் மாட்டியிருந்தது. என் கேலக்ஸி. வாலோடு இருக்கிற பழைய படம். அந்த வேலை கிடைத்ததும் என்னிடம் கொடுக்கலாம் என்று, திருப்பதியில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் துணிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“இத எதுக்கு மாட்டின? பொய்ப் படம் இது” என்றேன்.

“பொய்யோ நெஜமோ, உன் கையால வந்தது மாமா. இருந்துட்டுப் போவட்டும்.”

சொல்லிக்கொண்டே மஞ்சளைக் குழைத்து, மோதிர விரலால் கண்ணாடியின் மூலையில் தொட்டுவைத்து, பழக்கத்தில் லேசாக இழுத்துவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் அவள் விரல் தடம் ஈரமாக மின்னியது. அந்தப்பக்கம் வால். இரண்டும் ஒரே சாய்வில் சரிந்திருந்தன. அவள் இரண்டையும் பார்த்தாள், ஒன்றும் தெரியாமல் அடுத்த மூலைக்குப் போனாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“இன்னா பாத்துக்கினு நிக்கற? அந்த மிஷின் துணிய எடு. இன்னிக்கு அதுக்கு வெக்கவே இல்ல” என்றாள்.

கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த துணியை மடிப்புக் கலையாமல் எடுத்து, நாலு முனையும் சேருகிற மூலையை அவள் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.